அப்துல் மஜீதின் இடது கை

இனி வலது கையால் ஒரு டம்ளரைக்கூடத் தூக்குவதில்லை என்று அப்துல் மஜீத் தீர்மானம் செய்தார். சோறு தின்பதற்கும் கைகுலுக்குவதற்கும் மட்டும் விலக்கு.

ஏற்காடு கடைவீதியில் அவருக்குக் காப்பித்தூள் கடை. விறகடுப்பின் மேல் கொட்டை வறுக்கும் இரும்பு உருளை, அதைச் சுற்ற ஒரு கைப்பிடி, எதிரே ஒரு முக்காலி. மற்ற கடைகளில் மோட்டார் வந்த பிறகும் அவர் வைக்கவில்லை. 'கையால் வறுத்தது' என்று பலகையில் எழுதியிருந்தார். எந்தக் கை என்று எழுதவில்லை. இருபத்தாறு வருஷமாகச் சுற்றியது வலது கைதான். அது எஸ்டேட்டில் நிற்கும் சில்வர் ஓக் மரம்போல் ஆகிவிட்டது. இடது கை அந்த மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி.

அந்த வருஷ நோன்புப் பெருநாளைக்கு எடுத்த அரைக்கைச் சட்டையில் வலது கை பாதி வழியில் சிக்கி நின்றது. இடது பக்கம் சட்டைக்கை காற்றில் ஆடியது. தொழுகை முடிந்து கட்டித் தழுவிய பழக்கடைக்காரர், ஒரு பக்கம் தூண், ஒரு பக்கம் துடைப்பம் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். மஜீதுக்குப் பிரியாணி இறங்கவில்லை. இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டார்.

ஏரிக்குப் போகிற வழியில், பழைய கிடங்கு ஒன்றில் ராஜேந்திரன் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்தார். கரடியூர்க்காரர், பட்டாளத்திலிருந்து திரும்பியவர். மஜீதை முதலில் நீளக் கம்பியைத் தூக்கச் சொன்னார். கம்பி, கொண்டை ஊசி வளைவில் திரும்பும் பஸ் போல இடது பக்கம் சாய்ந்தது. இனி ஒவ்வொரு கைக்கும் தனித்தனி டம்பெல்தான் என்று சொல்லிவிட்டார். முதலில் இடது. அது எத்தனை முறை தூக்குகிறதோ அத்தனை முறைதான் வலது. வலது எவ்வளவு ஆசைப்பட்டாலும் ஒன்றுகூட அதிகம் தரக் கூடாது.

கடையில் உருளை சுற்றுவது பற்றிக் கேட்டார் மஜீத். நோயே அதுதான் என்றார் ராஜேந்திரன்.

இதையெல்லாம் மஜீத் வீட்டில் வந்து சொன்னபோது ஆயிஷா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்துநாலு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் குறுக்கே பேசாமல் கேட்ட முதல் பேச்சு அது. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, கடைக்கு வந்து உட்காரட்டுமா என்று அவள் மூன்று தடவை கேட்டிருந்தாள். உருளை பொம்பளைக் கைக்கு அடங்காது என்று மூன்று தடவையும் சொல்லியிருந்தார். அந்த முக்காலியில் அவரைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. வீட்டில் அவர் பேச்சு செல்லாது. உலகத்தில் அவர் பேச்சு செல்லும் இடம் அந்த முக்காலி ஒன்றுதான்.

மறுநாள் இடது கையால் உருளையைச் சுற்றினார். பாதிக் கொட்டை கரியானது, பாதி பச்சையாகவே இருந்தது. பயிற்சி தவறக் கூடாதென்று பொட்டலத்தையும் இடது கையால் நீட்டினார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் காளியண்ணன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இடது கையால் கொடுத்ததை வாங்கினால் அந்த வாரம் விளங்காது என்று சொல்லி எதிர்க்கடைக்குப் போனார். அவர் பின்னாலேயே இன்னும் ஐந்தாறு பேர் போனார்கள்.

ஒன்பதாம் நாள் ஆயிஷா முக்காலியில் உட்கார்ந்தாள். "கை சரியாகற வரைக்குந்தானுங்க" என்றாள்.

அவள் பத்துச் சுற்று வலது கையால் சுற்றினாள், பத்துச் சுற்று இடது கையால். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கொட்டை ஒரே நிறமாக இறங்கியது. இதே யோசனை இருபத்தாறு வருஷத்தில் தனக்கு ஏன் வரவில்லை என்று மஜீத் வீட்டில் இடது கையால் சட்னி அரைத்துக்கொண்டே யோசித்தார். தண்ணீர்க் குடமும் இடது கைக்கே வந்தது. துணி துவைப்பதும் அதற்கே. எல்லாம் பயிற்சிதானே என்றாள் ஆயிஷா.

ஒரு நாள் மனசு கேட்காமல் கடைக்குப் போய் உருளையின் கைப்பிடியைப் பிடித்தார்.

"ஏனுங்க, அது எந்தக் கை?"

"சும்மா தொட்டுப் பார்த்தேன்."

"தொட்டாலே பெருக்கும்னு ராஜேந்திரன் சொன்னாருங்களே."

"அவர் அப்படிச் சொல்லலை."

"சொல்லாட்டி என்னுங்க. நெசந்தானே."

வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா முடிந்து வந்ததும் அளவு எடுப்பாள். மூச்சை அடக்கி நேராகப் பார்க்கச் சொல்வாள். தையல் நாடா வலது கையைச் சுற்றும், பிறகு இடது கையைச் சுற்றும். முதல் வாரம் இரண்டு இஞ்சு வித்தியாசம். மூன்றாம் மாதம் ஓர் இஞ்சு. ஐந்தாம் மாதம் அரை. அதற்குப் பிறகு அரை இஞ்சு அரை இஞ்சாகவே நின்றது.

மூன்று கிலோ டம்பெல் பத்து கிலோ ஆனது. தினம் ஆறு முட்டை தின்றார். தொழுகையில் துஆவுக்கு ஏந்திய கைகளில் எது பெரிது என்று பார்த்து, பிறகு அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார். அரை இஞ்சு அசையவில்லை. கடைவீதியில் எதிர்ப்பட்ட, பிள்ளையை அனுப்பித் தூள் வாங்கும் பூவாயி, இப்போதெல்லாம் தூள் நொம்ப நல்லா இருக்குது, யாரை வேலைக்கு வெச்சிருக்கீங்க என்று அவரிடமே கேட்டாள். அன்று டம்பெல்லை வலது காலில் போட்டுக்கொண்டார்.

ஏழாம் மாதம், டம்பெல்லை இறக்கிவைத்துவிட்டு, என் ஆயுசுக்கும் இந்த அரை இஞ்சு தீராது என்று ராஜேந்திரனிடம் சொன்னார்.

"என்ன அரை இஞ்சுங்க?" என்றார் ராஜேந்திரன்.

மூலையில் கிடந்த சாக்குச் சணலை எடுத்து மஜீதின் வலது புஜத்தில் சுற்றி முடிச்சுப் போட்டார். அதே சணலை உருவி இடது புஜத்தில் மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. "ரெண்டு மாசமாவே ஒண்ணாத்தானுங்க இருக்குது. நீங்க கேக்கலை, நான் சொல்லலை."

மஜீதுக்கு அப்போதுதான் நாடா நினைவுக்கு வந்தது. வலது கையில் அது சதை திரண்ட இடத்தில் இறுக்கும். இடது கையில் முழங்கைக்கு ரெண்டு விரல் மேலே, சதை இல்லாத இடத்தில் குளிரும்.

சணலோடு கடைக்கு நடந்தார். வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முதல் ஆள் காளியண்ணன்.

"இடது கையை எங்க வெச்சு அளந்தே?"

"கையிலதானுங்க." உருளை நிற்கவில்லை.

"எந்த எடத்துல?"

"கொஞ்சம் எறங்கிருச்சோ என்னமோ."

"ரெண்டும் சமம். ரெண்டு மாசமா சமம். எந்திரி."

"சமமாயிருச்சுங்களா? அல்ஹம்துலில்லா." ஆயிஷா முகத்தில் நிஜமான சந்தோஷம். "அப்ப இனிமே இதுல நீங்க கையே வெக்கக் கூடாது. மறுபடி வலது பெருத்துப் போச்சுன்னா ஏழு மாசப் பாடும் வீணுங்களே."

கை சமமில்லாதபோது முக்காலி கிடையாது, சமமில்லாததால். சமமான பிறகும் கிடையாது, சமமாகிவிட்டதால். இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று மஜீத் தேடினார். ஒன்று அகப்பட்டது.

"நானும் உன்னையாட்டம் பத்து இதுல, பத்து அதுல சுத்தறேன்."

ஆயிஷா வரிசையைப் பார்த்தாள்.

"வேண்டாமுங்க பாய்" என்றார் காளியண்ணன். "உங்க இடது கைத் தூளை ஒரு தடவை பாத்தாச்சு."

வரிசையில் ரெண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். காளியண்ணன் பொட்டலத்தை ஆயிஷாவிடம் வாங்கி, முகர்ந்து பார்த்து, பையில் வைத்துக்கொண்டார்.

"ஊட்டுல பருப்பைக் கழுவிக் குக்கர்ல போட்டு வெச்சிருக்கேன்" என்றாள் ஆயிஷா, உருளையைப் பார்த்தபடி. "அடுப்புல ஏத்தி, மூணு விசில் வந்ததும் எறக்கிருங்க."

"எந்தக் கையால?" ஏழு மாதப் பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"எந்தக் கையா இருந்தா என்னுங்க, ரெண்டும் ஒண்ணுதானே."