கிராபிக்ஸ் கார்டு ஆய்வுக் குழு

கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளர் எதையும் அவசரப்பட்டு வாங்குகிறவர் அல்ல. அலுவலகத்துக்குத் துடைப்பம் வாங்குவதென்றாலும், இருக்கிற துடைப்பம் கடமை தவறிவிட்டதா என்று குழு போட்டு ஆராய்ந்த பிறகே வாங்குவார். கம்ப்யூட்டரில் கார் பந்தயம் விளையாட, திரையில் படம் துல்லியமாகவும் தடங்கலின்றியும் ஓட வைக்கும் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியது மட்டும் விதிவிலக்கு. பிரிவில் எல்லோரும் மாற்றிவிட்டார்கள். பழைய கார்டை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு கேன்டீனில் போய் உட்காருவது?

அந்த நேரம் பார்த்து வீட்டில் வாஷிங் மெஷின் படுத்துவிட்டது. வாளியும் கையுமாக நின்ற மனைவி ஒரே போடாகப் போட்டாள்.

“வித்தியாசம் தெரிஞ்சா வச்சுக்கோங்க. தெரியலைன்னா திருப்பிக் கொடுத்துட்டு மெஷின் வாங்கிட்டு வாங்க. என் மணிக்கட்டு விட்டுப்போச்சு.”

வித்தியாசம் தெரிகிறதா என்பது கொள்கை முடிவு. தனி மனிதர் எடுக்கலாகாது. எனவே ஞாயிற்றுக்கிழமை தணிக்கையாளர், கணக்கர், கிடங்குப் பொறுப்பாளர் அடங்கிய உயர்மட்டக் குழு வீட்டுக்கு வந்து திரைமுன் அமர்ந்தது.

“மரத்துல இலை இலையா தெரியுது சார்!” என்றார் தணிக்கையாளர்.

“நிழலுக்கே ஒரு கம்பீரம் வந்திருக்கு,” என்றார் கிடங்குப் பொறுப்பாளர்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “கார் இப்பவும் நின்னு நின்னுதானே போகுது?”

“நிக்கலைம்மா,” என்றார் கணக்கர். “நாம ரசிக்க அவகாசம் கொடுக்குது.”

‘முன்னேற்றம் கண்கூடு, செலவு முற்றிலும் நியாயம்’ என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. கண்காணிப்பாளருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கையெழுத்துப் போடும்போது பேனா மூடி மேசைக்கு அடியில் உருண்டது. குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரையிலிருந்து வந்த வயர், கார்டை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியோடு பிறந்த துளையில் சொருகியிருந்தது. புது கார்டில் எதுவுமே சொருகியிருக்கவில்லை. வாங்கிய நாள் முதல் அது சும்மாவே உட்கார்ந்து சம்பளம் வாங்கியிருக்கிறது.

மூடி மறைத்திருக்கலாம். மனைவி மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றாள், அவருக்கு மனசு கேட்கவில்லை.

“வயரை கார்டுல சொருகவே இல்லை சார். பழைய கார்டுலயும் சொருகினதில்லை. நம்ம கிடங்கு சார் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த மாதிரிதான் நானும் மாட்டினேன்.”

“தீர்மானம் நிறைவேறியாச்சு,” என்றார் கிடங்குப் பொறுப்பாளர் ஈனஸ்வரத்தில். “இனிமே உண்மையை மாத்த முடியாது.”

பிறகு மூவருக்கும் ஒரே சமயத்தில் வீட்டில் அவசர வேலை ஞாபகம் வந்தது. காபியைக்கூடத் தொடாமல் கிளம்பினார்கள். தணிக்கையாளர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

அன்று மாலை கண்காணிப்பாளர் பழைய கார்டையே மாட்டி, வயரை அதில் சொருகினார். கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. மறுநாள் காலை புது கார்டோடு கடைக்குப் போனார், கார்டோடே திரும்பினார். துணி துவைக்கும் பொறுப்பு, மறு உத்தரவு வரும்வரை, அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அலுவலகத்தில் கார்டு என்ற பேச்சே எழவில்லை. ஆனால் மதியத்துக்குள் மூவரும் தனித்தனியாக வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று விசாரித்தார்கள்.

மூவருக்கும் அவர் ஒரே பதில்தான் சொன்னார்.

“கேட்டுட்டேன் சார். பழுது கார்டுல இருந்தாத்தான் எடுப்பாங்களாம்.”