அலசலார் ஃபில்டர் வாங்குகிறார்

வாசகரே, மனிதர்களில் அலசலார் என்றொரு இனம் உண்டு. பற்பசை வாங்கப் போனால்கூட நாலு கடையில் விசாரித்து, ஐந்தாவது கடையில் குழம்பி, வெறும் கையோடு வீடு திரும்பி, மறுநாள் உப்பில் பல் துலக்கும் இனம். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்யமாட்டார்கள். சொல்லப்போனால், எதையுமே செய்யமாட்டார்கள். ஆனால் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவர்கள்.

அந்த இனத்தில் நன்றாக முற்றிய ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன். அலுவலகத்தில் தணிக்கை அதிகாரி. வீட்டில் மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள், அப்புறம் மூடி உடைந்த ஒரு மிக்ஸி. அதற்கு மாற்றாக எதை வாங்குவது என்ற ஆராய்ச்சி முடியாததால், மனைவி இன்னமும் அதன் தலையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் அரைக்கிறார்.

மகளின் தோழி குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போனபோது, தன் கப்பி மீன்களை இவளிடம் ஒப்படைத்து, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் போனாள். கண்ணாடித் தொட்டி வந்தது, கூழாங்கல் வந்தது, நீர்ச்செடி வந்தது. ஃபில்டர் மட்டும் வழியிலேயே உடைந்துபோயிற்று. புதிதாக ஒன்று வேண்டும் என்று மகள் அப்பாவிடம் கேட்டாள். வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் சாயங்காலத்துக்குள் வந்திருக்கும்.

அலசலார் தொட்டியின் நீளம், அகலம், உயரம் அளந்தார். கூழாங்கல் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தார். ராத்திரியில் தொட்டி வளர்ந்திருக்குமோ என்னவோ, மறுநாளும் அளந்தார். பிறகு ஃபில்டர்களை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிக்க உட்கார்ந்தார். ஸ்பாஞ்ச் ஃபில்டர் எளிது, ஆனால் குமிழிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்குமாம். விளிம்பில் தொங்குகிற ஃபில்டர் அழகு, ஆனால் கரண்ட் போய் வந்தால் மறுபடி ஓட அடம்பிடிக்குமாம். தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கிற ஃபில்டர் பலசாலி, ஆனால் குட்டி மீனை உறிஞ்சிவிடுமாம். தொட்டிக்கு வெளியே டப்பா போல நிற்கிற ஃபில்டர் எல்லாவற்றுக்கும் மேல், ஆனால் இந்தத் தொட்டித் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிடுமாம். இதில் ஒன்றையாவது இவர் கண்ணால் கண்டதுண்டா? கிடையாது.

வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளையும் துருவினார். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களெல்லாம் கம்பெனியின் ஆட்கள். ஒற்றை நட்சத்திரம் கொடுத்து வயிறெரிந்தவர்கள்தாம் சத்தியவான்கள். அட்டைப் பெட்டியின் மூலை நசுங்கி வந்ததாக ஒரு சத்தியவான் எழுதியிருந்தார். அந்த ஃபில்டருக்கு அன்றோடு கதை முடிந்தது.

இதற்குள் தொட்டித் தண்ணீர் கலங்கி நாறத் தொடங்கியது. மனைவிதான் குவளையால் மொண்டு மொண்டு மாற்றினார்.

"ஏங்க, ஏதோ ஒண்ணை வாங்கிப் போடுங்களேன். மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறக்குது."

"ஏதோ ஒண்ணா? அவசரப்பட்டு வாங்கிட்டு அப்புறம் யாரு அவஸ்தைப்படறது?"

மீன் பதில் சொல்லியிருக்கும். அதன் வாய்க்கு வேறு வேலை இருந்தது.

ஒரு காலையில் ஒரு மீன் செத்து மிதந்தது. மகள் அழுதாள். அலசலாரும் கலங்கினார், பொய் சொல்லக் கூடாது. கலங்கிய கையோடு, கப்பி மீன்கள் எதனால் சாகின்றன என்று படிக்க உட்கார்ந்துவிட்டார்.

படித்த படிப்பு வீண்போகுமா? மீன் வளர்ப்போர் கைபேசிக் குழு ஒன்றில் அவர் பெரிய புள்ளியாகிவிட்டார். இதே அளவுத் தொட்டி, இதே மீன், மேலே வந்து தவிக்கிறது, என்ன செய்ய என்று முகம் தெரியாத ஒருவர் அங்கே கேட்டார். அலசலார் கண் இமைப்பதற்குள் பதில் போட்டார்: ஸ்பாஞ்ச் ஃபில்டரே தாராளம், இன்றே வாங்கிப் போடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். அந்த ஆள் அப்படியே செய்தார். மீன்கள் பிழைத்தன. நன்றி சொல்லி அவர் அனுப்பியதை அலசலார் பூரித்துப்போய் மகளிடம் காட்டினார்.

அவள் படித்துவிட்டுக் கேட்டாள்: "அவங்க மீனுக்கு உடனே சொல்லிட்டீங்களேப்பா. நம்ம மீனுக்கு?"

"நம்ம மீனுன்னா நல்லா யோசிச்சுத்தானேம்மா செய்யணும்."

மகள் மிச்சமிருந்த மீன்களை ஒரு பாத்திரத்தில் அள்ளிக்கொண்டு கீழ் வீட்டு அத்தையிடம் போனாள். அங்கே ஒரு தொட்டியில், என்ன கம்பெனி என்று யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் தன் பாட்டுக்குக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மீன்கள் வாலை விரித்தன. ஒன்று குட்டிகூடப் போட்டது.

கடைசியில் அலசலார் வீட்டுக்கும் ஃபில்டர் வந்தே விட்டது. உத்தமமான ஃபில்டர். பெட்டியின் மூலைகூட நசுங்கவில்லை. மாட்டி ஓடவிட்டார். தண்ணீர் பளிங்காயிற்று. மனைவியை இழுத்து வந்து, ஒரு தூசியாவது தெரிகிறதா என்று கேட்டார். இல்லை. ஒரு தூசியும் இல்லை, ஒரு மீனும் இல்லை.

"போய் மீனைக் கொண்டு வாம்மா," என்றார் மகளிடம்.

அவள் பாடப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அவசரப்பட வேண்டாம்ப்பா. நல்லா யோசிச்சுச் சொல்றேன்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் கைபேசியில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று திறந்து, மூடாமலே கிடக்கும் பக்கங்களை ஒரு பார்வை பாருங்கள். அப்படியே உங்கள் வீட்டில் யார் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். இல்லை, இதைப் பற்றி இன்னும் நாலு பேர் என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுச் சிரிக்கலாம் என்று இருக்கிறீர்களா? வாருங்கள் அலசலாரே, உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.