எழுபத்தி நாலா, எழுபத்தி அஞ்சா?

கடலாமை முட்டையிடுவதைப் பார்க்க லிட்டில் அந்தமானுக்குக் கப்பலேறி வருகிற பெருமக்களே, ஆமையைப் பார்த்த கையோடு திரும்பிவிடாதீர்கள். அதன் துறைமுக ஊரான ஹட் பேயில் அதைவிடச் சுலபமாகக் காணக் கிடைக்கிற உயிர் ஒன்று உண்டு. பெயர் ராக் ரசிகர். ஆமைக்காவது இருட்ட வேண்டும், அலை ஒதுங்க வேண்டும். இவருக்கு எதுவும் வேண்டாம். ஜெட்டிப் பக்கத்து டீக்கடையில் இவர் அருகே உட்கார்ந்து, "ஏதோ இங்கிலீஷ் பாட்டு ஓடுதே" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். உங்கள் டீ ஆறிப்போகும்.

எங்கள் ஊரில் இந்த இனத்துக்குத் தலைசிறந்த உதாரணம் பாலகுமார். அரசு அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தர். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட அப்பாவுக்குப் பிறந்தவர். உலக வரலாற்றை மற்றவர்கள் போருக்கு முன், போருக்குப் பின் என்று பிரிப்பார்கள். பாலகுமார் 'டின் பெலிக்கன்ஸ்' குழுவின் டிரம்மர் விலகுவதற்கு முன், விலகியதற்குப் பின் என்று பிரிப்பார். அந்தக் குழுவின் கிதார்க்காரர் எந்த ஊர் ஓட்டலில் வழுக்கி விழுந்தார், எந்த விரலில் அடி, எத்தனை நாள் கட்டு, கட்டுப் போட்ட டாக்டரின் மச்சானுக்கும் பாடகருக்கும் என்ன தகராறு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மனைவி ஷோபனாவின் பிறந்தநாள் மட்டும் வருஷா வருஷம் மறந்துபோகும்.

இவ்வளவு தெரிந்தவர் பாட்டுக் கேட்பாரா என்கிறீர்களா? அதற்கு எங்கே சார் நேரம்?

வாட்ஸப் குழு ஒன்றையும் அவர் நடத்திக்கொண்டிருந்தார். நாற்பத்து மூன்று பேர். காலையில் எழுந்ததும் சீமையில் யாருக்கு முட்டி ஆபரேஷன், யார் யாரோடு பேசுவதில்லை, எந்தப் பாடகர் போய்ச் சேர்ந்தார் என்று செய்தி வரும். போய்ச் சேர்ந்தவர் மத்தியானம் உயிரோடு திரும்பி வருவதும் உண்டு. "மூணாவது ஆல்பத்தோட செத்துட்டாங்கய்யா" என்று ஒருவர் எழுதுவார். "உனக்கு ரெண்டாவதே புரியல" என்று இன்னொருவர் பாய்வார்.

அந்த இன்னொருவர் பெரும்பாலும் அருண்பிரசாத். கார் நிக்கோபாரில் பள்ளி ஆசிரியர். பாலகுமாரும் அவரும் நேரில் பார்த்ததே கிடையாது. ஆனால் ஏழு வருஷமாக ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. டிரம்மர் விலகியது எழுபத்து நான்கிலா, எழுபத்து ஐந்திலா? பாலகுமார் நான்கு. அருண்பிரசாத் ஐந்து. நீங்கள் யார் கட்சி என்று நான் கேட்கமாட்டேன்.

இந்த வழக்கு நடந்த வீட்டிலேயே ஒரு பெண் கிதார் வாசித்துக்கொண்டிருந்தாள். மகள் அகிலா, பத்தொன்பது வயது. நிக்கோபாரித் தோழி ஒருத்தியிடம் பழகிக்கொண்டது. நர்ஸிங் படிக்க மெயின்லேண்டில் இடம் கிடைத்திருந்தது. போவதற்கு முன்னால் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை உட்காரவைத்துப் பாடினாள். மூன்றாவது வரியில் பாலகுமார் கையைத் தூக்கினார்.

"நிறுத்து, நிறுத்து. இந்த இடம் எங்கேருந்து வருது தெரியுமா?"

"என் மனசுலேருந்துப்பா."

"அப்படித்தான் எல்லாரும் நினைப்பாங்க" என்று ஆரம்பித்தவர், முடிக்கும்போது ஷோபனா குழம்பை இறக்கி, சோறும் வடித்திருந்தாள்.

அகிலா கிதாரை உறையில் போட்டாள். "சங்கத்து ஆண்டு விழாவுல பாடப்போறேன். அங்கயாவது முழுசா கேளுங்கப்பா. மறுநாள் காலைல எனக்குக் கப்பல்."

"முதல் வரிசைல உக்காந்து கேக்குறேன். ப்ராமிஸ்."

சத்தியமாக மனதாரத்தான் சொன்னார். இந்த இனம் பொய் சொல்லாது. தகவல் மட்டும்தான் சொல்லும்.

தமிழ்ச் சங்க விழா ஒரு சாயங்காலம் தொடங்கியது. செயலாளர் சொக்கலிங்கம், சாலை போடும் கான்ட்ராக்டர், நல்ல மனிதர். மகளை அப்பாவே அறிமுகப்படுத்தினால் அழகாக இருக்கும் என்று நினைத்துப் பாலகுமாரிடம் மைக்கைக் கொடுத்தார்.

"ரெண்டே நிமிஷம் பாலா பாய்."

பதினெட்டாவது நிமிஷத்தில் பாலகுமார் இன்னும் 1970-ஐத் தாண்டவில்லை. அகிலா பின்னால் கிதாரோடு நின்றுகொண்டிருந்தாள். ஒருவழியாகத் தாண்டிய வேகத்தில், "எழுபத்தி நாலுல அந்த மாமேதை விலகினப்போ" என்றார். நான்காவது வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"மாஃப் கர்னா பாய். எழுபத்தி அஞ்சு."

பாலகுமாருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முகம் புதிது, குரல் ஏழு வருஷப் பழக்கம். லீவில் போர்ட் பிளேர் போகிற வழியில் இறங்கி, மறுநாள் கப்பலுக்குக் காத்திருந்தார் அருண்பிரசாத். பாலகுமார் மேடையிலிருந்து குதித்து ஓடினார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். கூட்டம் கைதட்டியது. கட்டிக்கொண்ட கை பிரிவதற்குள், "ஆதாரம் இருக்கா?" என்றார் ஒருவர். "உங்கிட்ட இருக்கா?" என்றார் மற்றவர்.

சொக்கலிங்கம் இருவரையும் தோளில் கை போட்டு, மேடைக்குப் பக்கவாட்டில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "இங்க பேசுங்க சாமி. புண்ணியமாப் போகும்."

பேசினார்கள். இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றின் பக்க எண்ணைச் சொன்னார் அருண்பிரசாத். அந்தப் பத்திரிகை ஆசிரியரின் நாணயத்தைச் சந்தேகித்தார் பாலகுமார். குரல் ஏறியது. "அரே யார், சுன் தோ லோ!" என்று ஒருவர் கத்த, "நீ முதல்ல கேளுய்யா!" என்று மற்றவர் கத்தினார். அப்போது மைதானம் முழுக்க ஒரு பெரிய அமைதி. அதன்பின் இடி இடித்த மாதிரி கைதட்டல். தன் வாதத்துக்குத்தான் என்று எண்ணிப் பாலகுமார் அருண்பிரசாத்தை ஒரு வெற்றிப் பார்வை பார்த்தார்.

வெளியே வந்தால் முன்வரிசையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து சுனாமிக்குப் பிறகு இங்கே வந்துவிட்ட ரெங்கம்மா, அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "நல்ல புள்ளய பெத்திருக்கீங்க தம்பி" என்றார். டீக்கடை வங்காளி, "கமால் கர் தியா பேட்டி நே!" என்று மகளைப் பாராட்டினார்.

அகிலா இறங்கி வந்தாள். "கேட்டீங்களாப்பா?"

"பின்ன? கேக்காம?"

அதோடு விட்டாரா? வீட்டுக்கு வந்ததும் குழுவில் நான்கு பத்தி விமர்சனம் எழுதினார். 'இரண்டாம் பகுதியில் வேகம் சற்றுக் கூடியிருக்கலாம். ஆயினும் பெலிக்கன்ஸின் ஆரம்பகாலத் தாக்கம் தெளிவாகத் தெரிகிறது.' இருபத்திரண்டு கட்டைவிரல்கள் உயர்ந்தன.

மறுநாள் ஜெட்டியில் பெட்டியை ஏற்றிவிட்டு அகிலா அப்பாவிடம் வந்தாள்.

"விமர்சனம் படிச்சேன்ப்பா."

"எப்படி இருக்கு?"

"ரெண்டாவது பகுதின்னு எழுதிருக்கீங்க. அதுல ரெண்டாவது பகுதியே கிடையாதுப்பா."

கோபமே இல்லாமல் சொன்னாள். சிரிக்கக்கூடச் செய்தாள். கிதாரை முதுகில் மாட்டிக்கொண்டு ஏணிப்படியேறிப் போய்விட்டாள்.

பாலகுமார் ஷோபனாவிடம் மெதுவாகக் கேட்டார். "என்ன பாடினா?"

"எங்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? நாலு பத்தி எழுதியிருக்கீங்கல்ல, எடுத்துப் படிங்க."

கயிறு அவிழ்த்தார்கள். போனில் டிங் என்றது. அதே கப்பலின் மேல்தளத்திலிருந்து அருண்பிரசாத். 'பாய், பழைய பேட்டி ஒன்று கிடைத்தது. எழுபத்து நான்குதான். தோற்றேன்.' ஏழு வருஷ வழக்கில் ஜெயித்த பாலகுமார் அதற்குப் பதில் போடவில்லை. அகிலாவுக்குப் போன் போட்டார். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டபோது கப்பல் சிக்னல் எல்லையைத் தாண்டியிருந்தது.

அன்றைக்கு முழுக்க ஊரில் ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டார். விழாவை வீடியோ எடுத்தவர்கள் எல்லாரும் அந்தச் சண்டையைத்தான் எடுத்திருந்தார்கள். சிரிப்பாக இருந்ததாம். அதில் ஒன்றை வாங்கி, அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து, போனைக் காதோடு ஒட்டவைத்துக் கேட்டார். "எழுபத்தி நாலு! எழுபத்தி நாலு!" என்று அவரே கத்திக்கொண்டிருந்தார். அவர் மூச்சு வாங்குகிற இடைவெளிகளில், வெகு தூரத்தில், ஒரு பெண்குரல். இரண்டு சொல் வரும். அதற்குள் அவர் மறுபடி ஆரம்பித்துவிடுவார். பதினோரு முறை கேட்டார். ஒவ்வொரு முறையும், இந்தத் தடவையாவது இந்த ஆள் வாயை மூடமாட்டானா என்று காத்திருந்தார்.

பாவம்தான். சிரித்தது போதும், விட்டுவிடுங்கள்.

உங்களை ஒன்று கேட்கட்டுமா? படித்துக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்திவிட்டு, டின் பெலிக்கன்ஸ் என்று ஒரு குழு நிஜமாகவே உண்டா, டிரம்மர் எந்த வருஷம் விலகினார் என்று போனில் தேடினீர்களே. கிடைத்திருக்காது, நான் இட்டுக்கட்டியது. போகட்டும். அகிலா என்ன பாடினாள் என்று என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?