நாடா சித்தருக்குக் காட்டிய கற்பூரம்

அறுபத்தெட்டாம் வருடம் பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் சற்று ஓய்வாக இருந்தார். கூட்டமெல்லாம் நாடா சித்தர் தங்கிய சத்திரத்தில். தொழில் படுத்துவிட்டவன், படுக்கப்போகிறவன், நன்றாக நடந்தும் சந்தேகப்படுகிறவன் எல்லோரும் அங்கேதான்.

சித்தரின் வித்தை எளிமையானது. ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறியில் இங்குமங்கும் ஓடுமே, அந்த நாடாவை ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வைப்பார். நாலடி தள்ளிச் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடித் தேவதையைக் கேள்வி கேட்பார். பதில் 'ஆமாம்' என்றால் யாரும் தொடாமலே நாடா அவரை நோக்கி நகரும். 'இல்லை' என்று சொல்லும் வழக்கம் அந்தத் தேவதைக்குக் கிடையாது.

வேணுகோபால் அவரைத் தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டான். கூலிக்கு நெய்துகொண்டிருந்தவன், இரண்டு வருடம் முன்பு சொந்தமாக நாலு தறி போட்டான். இப்போது மூன்று சும்மா நின்றன. கடைக்காரர்கள் அவன் புடவையைப் பிரித்துப் பார்ப்பார்கள், மடித்துத் திருப்பிக் கொடுப்பார்கள். ஏன் என்று அவன் கேட்டதில்லை, ரோஷக்காரன். நாலாவது தறியில் தென்னேரிக் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை. முந்தானை மட்டும் பாக்கி. அதுவும் கைவிட்டுப் போனால் பழையபடி கூலிதான்.

தெருவே வீட்டுக்குள் திரண்டிருந்தது.

"தாயே, இந்த வூட்டுத் தொழிலை யாரோ கட்டிப் போட்டிருக்காங்களா?" என்றார் சித்தர்.

நாடா நகர்ந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"தறியில இருக்கிற புடவையை அறுத்து உனக்குச் சாத்தணுமா?"

நாடா விறுவிறுவென்று வந்தது. பட்டு என்றதும் தேவதைக்கு அத்தனை அவசரம்!

வேணுகோபால் கத்தரிக்கோலை எடுத்தான்.

"இன்னாங்க இது!" என்று பாய்ந்தாள் அவன் மனைவி தில்லையம்மாள். "தேவதை கட்டிக்கினு பூட்டா, கல்யாணப் பொண்ணு இன்னாத்தைக் கட்டும்?"

"கம்னு இரு தில்லை. ரெண்டு வருசமா முட்டிக்கினு நிக்கறேன். வேற வழி தெரியலை."

அவன் கத்தரிக்கோலோடு தறிப்பக்கம் திரும்பினான். தில்லையம்மாள் சண்டையை விட்டாள். தேவதை ஒவ்வொரு முறையும் சித்தரின் வலது காலைப் பார்த்தே வருவதை அவள் கவனித்திருந்தாள்.

"சரி சாமி, சாத்திடலாம். அதுக்கு முன்னாடி அம்மாவுக்கு ஒரு கற்பூரம் காட்டிடறேன்."

"அதெல்லாம் அப்புறம்மா…"

"தேவதைக்குக் கற்பூரம் வேணாமா? இன்னா சாமி நீங்க!" என்றார் பக்கத்து வீட்டு முனிரத்தினம், அசல் பக்தியோடு.

தில்லையம்மாள் கற்பூரத் தட்டை நாடாவுக்குச் சுற்றினாள். பிறகு தாம்பாளத்துக்கும் சித்தருக்கும் நடுவே, தரையோரமாக, மெதுவாகக் கொண்டுபோனாள்.

சுர்!

முடி பொசுங்குவது போல ஒரு வாடை. வேறு ஊராயிருந்தால் தேவதையின் மூச்சு என்று விழுந்து கும்பிட்டிருப்பார்கள். இது நெசவாளர் தெரு.

"இன்னாபா, பட்டு கருகுது?" என்று மூக்கை உறிஞ்சினார் முனிரத்தினம்.

"இப்பக் கேளுங்க சாமி," என்றாள் தில்லையம்மாள்.

சித்தர் கேட்டார். கெஞ்சியே கேட்டார். நாடா அசையவில்லை. முனிரத்தினம் காவி வேட்டியின் ஓரத்தைத் தூக்கினார். வலது கால் கட்டைவிரலில் ஒரு முடிச்சு. அதிலிருந்து தொங்கியது நுனி கருகிய பட்டிழை.

வீடெல்லாம் நூல் துணுக்கு கிடக்கும் தெருவில் எந்த இழையை யார் உற்றுப் பார்ப்பார்கள்? அந்தத் தைரியத்தில்தான் மனிதர் இங்கே கடை விரித்திருந்தார். ஆளுக்கொரு பக்கம் கத்துவதற்குள், தேவதை அவரை அவசரமாகப் பஸ் நிலையத்துக்கு அழைத்துவிட்டது.

வேணுகோபால் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான்.

"தேவதையை இவ்ளோ கேட்டீங்களே, கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் தில்லையம்மாள்.

முந்தானையை நெய்து முடித்த கையோடு கடைக்குப் போய்க் கேட்டான்.

"ரெண்டு வருசமா அதே அரக்கு, அதே பச்சைக் கரை. எவன்பா வாங்குவான்?" என்றார் கடைக்காரர்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ எங்கேபா கேட்டே?"

காஞ்சிபுரத்தில் பட்டு வாங்குகிறவர், அசல்தானா என்று ஓரத்து இழையை உருவிக் கொளுத்திப் பார்க்கிறார். சித்தர் வந்தால் மட்டும் தீப்பெட்டியை மடியில் ஒளித்துக்கொண்டு கும்பிடுகிறார். அடுத்த சித்தர் வரும்போதாவது ஒரு குச்சியைச் செலவழித்துப் பாருங்களேன் ஐயா!