சம்பந்தி வீட்டு வாசலில் தராசு

படித்தவர்களுக்கு ஓடாத வேலை கடைசியில் என்னிடம்தான் வரும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தச்சநல்லூரில் பழைய இரும்புக் கடை போட்டு மாடிவீடு கட்டியவன். (யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

தொண்ணூறுகளில் ஒருநாள் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கடைக்கு வந்தார்கள். வீட்டுக் குப்பையில் எதை எடைக்குப் போடுகிறார்கள், எதை வாய்க்காலில் கொட்டுகிறார்கள் என்று ஆராய்ச்சியாம். குப்பையை நிறுத்தும் பார்க்க வேண்டுமாம். கேட்டாலே பெண்கள் கதவைச் சாத்துகிறார்களாம்.

“எங்கிட்ட விட்டுட்டுப் போங்கலே” என்றேன்.

நேராக அடுத்த தெருவுக்குப் போனேன். அங்கேதான் என் மூத்த மகனுக்குப் பெண் பேசி முடித்திருந்தோம். அந்த மாதமே கல்யாணம். தோளில் தராசு, கையில் சாக்கு. சம்பந்தியம்மாளை வாசலிலிருந்தே கூப்பிட்டேன்.

“மதினி, வீட்டுல உள்ளதையெல்லாம் வெளிய எடுத்து வைங்க. நிறுத்துப் பாத்திருவோம்!”

அன்று காலையில்தான் சீர்ப் பாத்திரங்களை வாங்கிவந்து கூடத்தில் அடுக்கியிருக்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்?

எதிர்வீட்டு அம்மாள் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். “ஏ மக்கா, மாப்பிள்ளைக்கு அப்பா தராசு கொண்டாந்து சீரை நிறுக்காவ!”

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு பித்தளைக் குத்துவிளக்கைக் கொண்டுவந்து தராசுத் தட்டில் வைத்தார். அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். தொழில் பழகிய கை. நிறுத்துவிட்டேன். எடையையும் உரக்கச் சொல்லிவிட்டேன். (கழிவு போக.)

தன் கடையிலிருந்து சம்பந்தி ஓடிவந்தார். “என்ன வே, எங்க சீரு எடை குறையுதா?”

“அண்ணாச்சி, நான் கேட்டது குப்பைய!”

“எங்க சீரு உமக்குக் குப்பையா? கல்யாணமே வேண்டாம், நடையக் கட்டும் வே!”

பின்னாலேயே வந்திருந்த ஆராய்ச்சிக்காரர்களைத் தேடினேன். தெருமுனையில் ஒரு சைக்கிள் திரும்புவது மட்டும் தெரிந்தது.

அந்த நேரம் கல்யாணப் பெண்ணே வெளியே வந்தாள். “மாமா சொல்லுதது குப்பைதான்னா, நாளைக்குத் தெரு முழுக்க நிறுக்கட்டும்ப்பா. எல்லாரும் பாக்கட்டும்.”

மறுநாள் வீடு வீடாக நிறுத்தேன். (யோசனை என்னுடையதுதான். மருமகள் தன்னுடையது என்பாள். சின்னப் பெண், சொல்லிவிட்டுப் போகட்டும்.) ஆனால் ஒரு ராத்திரி அவகாசத்தில் தெருவே உஷாராகிவிட்டது. கருப்பட்டிக் காப்பி குடிக்கிற வீட்டிலெல்லாம் குப்பையில் ஆப்பிள் தோல்! ஒரே நெய் டப்பா மூன்று வீட்டுக் குப்பையில் வந்தது. நசுங்கலை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். என் கண்ணை ஏமாற்ற முடியுமா? அந்தத் தெரு ரொம்பச் செழிப்பானது என்று பிள்ளைகள் எழுதிக்கொண்டு போனார்கள். நான் திருத்தவில்லை. சம்பந்தி தெரு அல்லவா?

தெரு முழுக்கக் குப்பை நிறுத்தவனைப் பார்த்துச் சம்பந்தி சிரித்துவிட்டார். கல்யாணம் நடந்தது. ஆனால் இன்றைக்கும் நான் அந்த வாசலில் கால் வைத்தால் மதினி எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார். “சாப்பிடத்தான் வந்திருக்காவ, வெறுங்கைதான்!”

அந்த அம்மாளும் விடமாட்டாள். “வேட்டி மடிப்புல நல்லாப் பாத்தியளா?”