மூலை திரும்பிய கூரை

இந்த வீட்டில் எனக்கென்று ஓர் இடம் வேண்டும். அவள் கண்ணில் படாத இடம். கண்ணில் பட்டால்தானே "ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிடுவாள்?

அப்படி ஓர் இடம் இருக்கத்தான் செய்தது. வாசலிலிருந்து வலப்பக்கம் திரும்பினால் பக்கச் சுவர். என்ன, வெயில் மண்டையைப் பிளக்கும். வாசலுக்குத் தகரக் கூரை போடுகிற சாக்கில், அதை அப்படியே மூலையில் திருப்பிவிடுவதென்று முடிவெடுத்தேன். அதுவும் நானே, என் கையாலேயே!

"வாசலுக்கு மட்டும் போதுங்க" என்றாள் என் மனைவி.

"திருப்பினாத்தான் வீட்டுக்கு அழகு."

"அந்தப் பக்கம் யாரு போறா? வேண்டவே வேண்டாம்."

"திருப்பியே தீருவேன்!"

"உங்களால முடியாதுங்க."

போதாதா? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஏணியைச் சாத்தினேன்.

மூலையில் இரண்டு தகரமும் சாய்வாக வெட்டுப்பட்டுச் சேர வேண்டும். வேலை சீக்கிரம் முடியட்டுமே என்று இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே வெட்டு! மேலே வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. நடுவில் வானம் 'ஆ'வென்று தெரிகிறது. இடமும் போச்சு, மானமும் போச்சு!

"ஒண்ணைக் குப்புறப் புரட்டிப் போடுங்களேன்" என்று கீழேயிருந்து குரல்.

புரட்டினேன். கச்சிதமாகச் சேர்ந்துகொண்டது.

"நானும் அதைத்தான் யோசிச்சிட்டிருந்தேன்!" என்றேன். வேண்டாமென்றவள் எதற்கு யோசனை சொல்கிறாள் என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது?

கடைசித் திருகாணியையும் முடுக்கிவிட்டு, சாய்வு நாற்காலியோடு மூலை திரும்பினேன். அங்கே என் மனைவி இடம் காட்ட, என் மச்சினன் ஒரு வாஷிங் மெஷினை இறக்கி வைத்துக்கொண்டிருந்தான். சுவரில் புத்தம்புதுக் குழாய் வேறு.

"இந்தக் குழாய் எப்போடி வந்துச்சு?"

"நீங்க மேல தட்டிட்டிருந்தப்போ ப்ளம்பர் கீழ தட்டிட்டிருந்தாரு."

"நீதானே திருப்பவே வேண்டாம்னே?"

"வேணும்னு சொல்லியிருந்தா திருப்பியிருப்பீங்களா?"

நாற்காலியை மெதுவாக வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

"அதை எங்க தூக்கிட்டுப் போறீங்க? இங்கேயே போடுங்க. துவைச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க நின்னுட்டா இருப்பீங்க?"