கஞ்சிக்கு உப்புக் கொண்டுவந்த கயிற்றுப் பந்து

கோட்டைச் சுவரில் ஆயிரம் வாசல்களும் நடு அரண்மனையில் ஒரே ஒரு சட்டப்புத்தகமும் கொண்டது குமிழ்நாடு. புத்தகத்தில் இல்லாத எதையும் அங்கே யாரும் செய்ய மாட்டார்கள். ஒருநாள் கஞ்சிப் பக்கத்தில் "உப்புப் போடவும்" என்ற வரியைப் பூச்சி அரித்துவிட்டது. மறுநாளிலிருந்து நாடே உப்பில்லாத கஞ்சி குடித்தது.

சப்பென்று இருப்பதே தேசியச் சுவை என்று அமைச்சர் பேரருளாளர் ஆணையிட்டார். முகம் சுளித்தவர்களுக்கு இரண்டாவது குவளை கட்டாயமாக்கப்பட்டது. மக்கள் கால் தளர்ந்து விழ ஆரம்பித்ததும், இனி நிற்பதற்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார். வெளியிலிருந்து வந்த மனுக்களை வரவேற்பு மண்டபத்தில் எலுமிச்சைச் சாற்றில் குளிப்பாட்டினார்கள்.

"நாம் எந்த மனுவையும் நிராகரித்ததில்லை. கரைத்திருக்கிறோம், அவ்வளவே" என்றார் அமைச்சர்.

கோட்டைக்கு வெளியே உப்பளத்தில் வேலை பார்த்த மாதுளியின் தங்கை உள்ளே படுத்த படுக்கையாகிவிட்டாள். கேள்விப்பட்ட மாதுளிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "உப்புப் போடவும்" என்ற அந்த ஒரு வரியை ஓலையில் எழுதி, நீளமான பஞ்சுக் கயிற்றால் பந்தாகச் சுற்றினாள். மேலே இரும்பு வியாபாரிகளின் அடையாள வில்லைகளைத் தைத்தாள். இரும்பில்லாமல் நாடு ஓடாது. அந்த வில்லைக்கு எந்த வாசலும் திறக்கும்.

"இரும்புச் சரக்குப்பா. வில்லை இருக்குல்ல, உள்ள உருட்டு" என்றார் காவலர்.

வெளியிலிருந்து எது வந்தாலும் வரவேற்பு மண்டபத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே பந்தின் மேலும் எலுமிச்சைச் சாறு ஊற்றினார்கள். கயிறு குடித்தது. கரையும்வரை ஊற்ற வேண்டும் என்பது விதி, ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ஊதிப் பெருத்த பந்து மண்டபச் சுவரையே பிளந்துகொண்டு அரண்மனைக்குள் உருண்டது. கயிறு தளர்ந்து, ஓலை சட்டப்புத்தகத்தின் பக்கத்தில் விழுந்தது. புத்தகத்தை நாள்தோறும் ஊருக்கு வாசித்துச் சொல்லும் எழுத்தர்கள் அதையும் சேர்த்து வாசித்தார்கள். வாசிப்பதுதானே அவர்கள் வேலை.

அன்று கஞ்சியில் உப்பு விழுந்தது, ஊரே சட்டியை வழித்து நக்கியது. சில நாளில் தங்கை தானே நடந்து வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள். மாதுளி சிரித்த சிரிப்பு ஆயிரம் வாசலுக்கும் கேட்டது.

பிளந்த சுவருக்குப் புதிய சாளரம் என்று பெயர் வைத்து அமைச்சர் நாடா வெட்டினார்.

குமிழ்நாட்டைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் உள்ளங்கையிலேயே கோடிக்கணக்கில் இருக்கிறது. விஞ்ஞானிகள் அதை உயிரணு என்கிறார்கள். பழுதான மரபணுவுக்கு மாற்றை இப்படித்தான் பாலிமர் இழையில் சுற்றி, இரும்பைச் சுமக்கும் புரதத்தை வில்லையாகத் தைத்து உள்ளே அனுப்பிப் பார்க்கிறார்கள். வாசல், புளிப்பு மண்டபம், புத்தகம் எல்லாம் அங்கே உண்டாம். அமைச்சர் மட்டும் கிடையாதாம்.

அவர் எங்கிருந்து இந்தக் கதைக்குள் வந்தார் என்பது உங்களுக்கே தெரியும்.